கண்காணிப்பாளர் சாப்பிட்ட பாடம்

பு சுவாலா வாழ்நாள் முழுக்க மலைச் சாலையில் ஜீப் ஓட்டினார். மலையைப் பார்த்தது கிடையாது.

இது குறை அல்ல. தொழில் ஒழுங்கு. மிசோரத்தின் தலைநகர் ஐசோலில் இருந்து கிழக்கே எல்லை வரை போகும் சாலையில் ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் மூங்கில் காடும், காலையில் மேகக் கடலும் இருப்பதாகப் பயணிகள் சொல்வார்கள்.

"அங்க பாருங்க பு சுவாலா, மேகமெல்லாம் கீழ படுத்திருக்கு" என்று முன் இருக்கையில் இருந்து யாராவது சொல்வார்கள். மிசோ மொழியில் ஆண்களை மரியாதையாக அழைக்க 'பு', பெண்களை அழைக்க 'பி'.

அவர் தலையைத் திருப்ப மாட்டார். "நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"எனக்கும் சேத்துப் பாத்துடுங்க."

வண்டி நிறைய ஆட்கள். கண் சாலையில் இருந்து ஒரு முறை நழுவினால் அத்தனை வீட்டிலும் அழுகை. ஆகவே திங்கள் முதல் சனி வரை அவர் பார்த்தது தாரும் சேறும் எதிரே வரும் லாரியின் மூக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. மிசோரத்தில் அன்றைக்கு எதுவுமே ஓடாது. கடை திறக்காது. வயலுக்கு யாரும் போக மாட்டார்கள். பையன்கள் கவண் எடுக்க மாட்டார்கள். இது பறவைகளுக்கே தெரியும். வாரம் முழுக்க உச்சிக் கிளையில் ஒளிந்திருக்கும் கொண்டைக்குருவி ஞாயிறு காலையில் தேவாலய வேலிக்கு வந்து, பையன்களின் முகத்தைப் பார்த்தபடி இறகு கோதும். அந்த ஒரு நாள்தான் பு சுவாலாவும் தன் கண்ணை விருப்பப்பட்ட இடத்தில் வைக்கலாம். அதிலும் ஒரு மணி நேரத்தை, துய்சென் ஊர்த் தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில், சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்குக் கொடுத்திருந்தார்.

துய்செனில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகாதவர் இல்லை. பல் முளைத்தவருக்கு ஒரு வகுப்பு, பல் விழுந்தவருக்கு ஒரு வகுப்பு. எல்லா வகுப்புக்கும் புத்தகம் உண்டு. வருடக் கடைசியில் பரீட்சை உண்டு. பு சுவாலாவின் வகுப்புக்கும் புத்தகம் இருந்தது. அதோடு ஒரு டப்பாவும் இருந்தது. பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் ஆணியால் குத்திய துளைகள். பிள்ளைகள் புத்தகத்தின் நிறத்தை மறந்தாலும் டப்பாவின் நிறத்தை மறக்க மாட்டார்கள்.

முறை எளிது. சனிக்கிழமைகளில், தேநீருக்கு நிற்கும் இடங்களில், ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, கண்ணில் படும் ஏதாவது ஒன்றை ஈரப்பாசியில் வைத்து டப்பாவில் போட்டுக்கொள்வார். ஞாயிறன்று மூடியைத் திறப்பார். பிள்ளைகள் பார்ப்பார்கள், எண்ணுவார்கள், முகர்வார்கள். அப்புறம் வேதத்தில் அதற்குப் பொருந்தும் இடத்தை வாசிப்பார். பொருந்தாவிட்டால் யோபுவுக்குப் போய்விடுவார். மிருகங்களைக் கேள், பறவைகளைக் கேள், மீன்கள் உனக்கு விவரிக்கும் என்ற பொருளில் யோபுவில் ஓர் இடம் உண்டு. "கேளுன்னுதான் போட்டிருக்கு. மனப்பாடம் பண்ணுன்னு போடல" என்பார்.

ஒரு சிக்கல் இருந்தது. டப்பா திறந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதைச் சாப்பிடலாமா?"

கேட்பதில் நியாயம் உண்டு. அந்த மலையில் ஊர்வதையும் பறப்பதையும் யாராவது ஒருவர் எப்போதாவது குழம்பு வைத்திருப்பார். பு சுவாலா நேர்மையான ஆள், பெரும்பாலானவற்றை ருசி பார்த்தவர், கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னதும் படைப்பின் அதிசயம் போய், மிளகாய் எத்தனை என்ற பேச்சு வந்துவிடும். ஆகவே ஒரு சட்டம் போட்டார். கடைசி ஜெபம் முடியும்வரை வகுப்பில் ருசியைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ஆமென் சொன்ன மறு நொடி கேட்கலாம். அந்த ஆமென் தேவாலயம் முழுக்கக் கேட்கும்.

வேறு சிறு சிக்கல்களும் இருந்தன. ஒரு தடவை சிள்வண்டு. வகுப்புகளுக்கு நடுவே திரைச்சீலைதான் தடுப்பு. அடுத்த பக்கம் பெரியவர்கள் மௌன ஜெபத்தில் இருந்தபோது அது பாட ஆரம்பித்தது. காலியான குளவிக்கூடு ஒரு தடவை. அது முழுக்கக் காலி இல்லை. சபை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. பரீட்சையைத்தான் பொறுக்க முடியவில்லை.

வினாத்தாளில் ஒரு கேள்வி: ஊரும் பிராணிகளைக் கடவுள் எந்த நாளில் உண்டாக்கினார்? பு சுவாலாவின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை. டிக்கா என்ற பையன் மட்டும் கூடுதலாக இடத்தையும் எழுதியிருந்தான்: துய்வோல் பாலத்துக்குக் கீழே.

பு ராங்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வந்தார். அவர் ஓய்வுநாள் பள்ளியின் கண்காணிப்பாளர். நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கறுப்புக் கோட்டில் சுருக்கம் விழுந்ததை துய்செனில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் கெட்டவர் இல்லை. யாரையும் முதுகுக்குப் பின்னால் பேச மாட்டார்.

"பு சுவாலா, கமிட்டில பேசியாச்சு."

"என்னைப் பத்தியா, டப்பாவைப் பத்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். வர்ற ஞாயிறு நான் உங்க வகுப்புல வந்து உக்காருவேன். புத்தகம் நடந்தா வகுப்பு உங்களுக்கு. நடக்கலன்னா பி சோமிக்குக் குடுத்துருவோம். அந்தப் பொண்ணு படமெல்லாம் ஒட்டிச் சொல்லிக் குடுக்கும்."

"எனக்கு?"

"உங்களுக்கென்ன, பெரியவங்க வகுப்புல நிம்மதியா உக்காந்து கேளுங்க."

பு சுவாலா யோசித்தார். பெரியவர்கள் வகுப்பில் பெஞ்சுகள் எல்லாம் ஒரே திசை பார்த்திருக்கும். ஜன்னல் முதுகுப் பக்கம். "அப்போ ஞாயித்துக்கிழமையும் நேரா முன்னாடியே பாத்துக்கிட்டு உக்காரணும்" என்றார்.

பு ராங்காவுக்கு அது புரியவில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் பு சுவாலா புத்தகத்தைப் படித்தார். வண்டி நிரம்பக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்டியரிங் மீது விரித்து வைத்துப் படித்தார். பயணிகள் தகவல் அனுப்பிக்கொண்டார்கள்: சுவாலாவுக்கு ஏதோ கஷ்டம். அடுத்த பாடம் ஐந்தாம் நாள். கடவுள் தண்ணீரில் உயிர்களைத் திரளாக உண்டாக்கினார். வாசிக்கவும், வசனம் ஒப்பிக்கவும், கேள்வி கேட்கவும். அதில் டப்பாவுக்கும் இடம் இருந்தது. தண்ணீர் ஜீவன் ஒன்று கிடைத்தால் புத்தகமும் நடக்கும், டப்பாவும் திறக்கும், பு ராங்காவும் வாயடைத்துப்போவார். இதுதான் திட்டம்.

சனிக்கிழமை, துய்வோல் பாலத்தடியில் தேநீருக்கு நிறுத்தினார். அங்கே ஒரு பெண் நண்டுகளை மூங்கில் நாரில் கோத்து விற்பாள். ஒன்றை மட்டும் கோக்காமல் ஓரமாகப் போட்டிருந்தாள்.

"அது ஏன் தனியா?"

"அது வேணாம் பு சுவாலா. அம்மாக்காரி. சதையே இல்ல, பூரா குட்டி."

திருப்பிக் காட்டினாள். நண்டின் வயிற்றுக்கு அடியில் ஒரு மடக்கு மூடி. கீல் உடம்போடு சேர்ந்தது. திருகு இல்லை, ஆணி இல்லை. மூடினால் இடைவெளி தெரியாது. அவள் நகத்தால் நெம்பித் திறந்தாள். உள்ளே உளுந்து அளவில் நண்டுகள். ஒரு கை நிறைய இருக்கும். ஒவ்வொன்றிலும் கால்கள் எதுவும் குறையவில்லை. கொடுக்குகள் இருந்தன, தூசி அளவில், ஆனால் திறந்து மூடின. ஒன்று அவள் நகத்தைக் கடிக்கப் பார்த்தது.

பு சுவாலாவின் தேநீர் ஆறிப்போனது. பயணிகள் ஹாரனை அடித்தார்கள்.

திரும்பும் வழியில் முன் இருக்கையில் பி லுய் இருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த இரண்டு கூடைகள். மகளின் பிரசவத்துக்குப் போகிறார்.

"பு சுவாலா, என் கால்கிட்ட இருக்குற டப்பா என்னைப் பிராண்டுது."

"டப்பா எங்கயாவது பிராண்டுமா பி லுய்? உள்ள இருக்குறது டப்பாவைப் பிராண்டுது."

"உள்ள என்ன?"

"நாளைக்குப் பாடம்."

"என் தம்பி போன மாசம் இதே சீட்டுல வந்தான். பாடம் அவன் சட்டைக்குள்ள போயிடுச்சாம்."

"அது மரவட்டை. ரொம்ப சாது."

"அவன் சாது இல்லையே. இன்னும் சொறியுறான்."

பின் இருக்கையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "நண்டா? ராத்திரிக்குள்ள ஆக்கிடுங்க. கெட்டுடும்."

"சாப்பிடறதுக்கு இல்ல" என்றார் பு சுவாலா.

நண்டைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. பி லுய் கை நீட்டி பு சுவாலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல" என்று பின்னால் திரும்பித் தகவல் சொன்னார்.

வீட்டு வாசலில் பு சுவாலா வண்டியை அணைக்காமலே இறங்கினார். பி லுய்யின் கூடைகளை மேல் தெருவில் இறக்க வேண்டும். டப்பாவை அடுக்களையில், தண்ணீர்த் தொட்டி ஓரம், குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைத்தார். மனைவி துவோமி கொல்லையில் கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

"சாங்கி அம்மா, ஆத்துலேர்ந்து ஒரு நண்டு கொண்டாந்திருக்கேன். உள்ள வெச்சிருக்கேன்."

"சரி சாங்கி அப்பா."

அவ்வளவுதான் பேச்சு. சாங்கி அவர்கள் மகள். அப்போது வெளி மாநிலத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் இருந்திருந்தால் டப்பாவின் மேல் ஒரு கல்லாவது வைத்திருப்பாள். அப்பாவின் டப்பாக்களை அறிந்தவள்.

மேல் தெருவில் கிளட்ச் மக்கர் செய்தது. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்த நேரத்தில் பு ராங்கா அவர் வீட்டுக்கு வந்தார். மறுநாள் ஆய்வுக்கு வருவதை முறையாக இன்னொரு தரம் நினைவூட்டிவிட்டுப் போகலாம் என்ற நல்ல எண்ணம். வந்தது சாப்பாட்டு வேளை. மலையில் பொழுது சாயும்போதே சாப்பிட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குள் கால் வைத்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் கிடையாது. துவோமியிடம் வேகவைத்த கீரையும் சோறும்தான் இருந்தன. கண்காணிப்பாளருக்கு, அதுவும் புருஷனின் வகுப்பைப் பிடுங்க வந்திருக்கும் கண்காணிப்பாளருக்கு, வெறும் கீரையா? துவோமி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

பு சுவாலா கையெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்தபோது பு ராங்கா விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பு சுவாலா. உங்க வீட்டுல இப்படி ஒரு துவையலா? நண்டை இடிச்சு, எள்ளு போட்டு... எங்க வீட்டுல ஏன் இந்த ருசி வர்றதில்ல?"

"சின்னதுங்களும் சேந்து அரைபட்டா அந்த ருசி வரும்" என்றார் துவோமி பெருமையோடு.

டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பு சுவாலா அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். விருந்தாளியைப் பார்த்தார். விருந்தாளி சாப்பிட்டதைக் குறை சொல்வது அந்த ஊரில் கதவை முகத்தில் அறைவதற்குச் சமம். கை கழுவி உட்கார்ந்தார். துவோமி மீதித் துவையலை அவருக்கு வைத்தார். தொட்டுச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் வருத்தியது.

பு ராங்கா போன பிறகு துவோமிக்கு விஷயம் தெரிந்தது.

"பாடம்னு டப்பாமேல எழுதி ஒட்டறதுக்கென்ன?"

"நண்டுன்னுதானே சொன்னேன்."

"நண்டுன்னு சொன்னா நான் வேற என்ன பண்ணுவேன், தொட்டில்ல போட்டுத் தாலாட்டுவேனா?" சிரிக்க ஆரம்பித்தார். புருஷனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "காலைல சீக்கிரம் போய் வேற ஒண்ணு புடிக்க முடியாதா?"

"காலைல ஞாயிறு."

ஞாயிறன்று நண்டு பிடித்துக் கடவுளின் மகிமையைப் பற்றிப் பேச முடியாது.

மறுநாள் பு ராங்கா சொன்ன நேரத்துக்கு வந்தார். பிள்ளைகளின் பெஞ்சில் ஒரு முனையில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சு வரை வந்தது. மறு முனையில் இருந்த மூன்று பேர் லேசாக மேலே எழும்பினார்கள். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

பு சுவாலா புத்தகத்தைத் திறந்தார். "ஐந்தாம் நாள். தண்ணீர்... தண்ணீரானது... நீந்தும் ஜீவஜந்துக்களை..."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் வாசிப்பதை அவர்கள் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. டெட்டெயி என்ற சிறுமி முதல் வரிசை. முன்பற்கள் இரண்டும் இல்லை. பழக்க தோஷத்தில் பு சுவாலா கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவை அவள் மடியில் எடுத்து வைத்துத் திறந்தாள்.

"காலி" என்றாள். பிறகு மூக்கை உள்ளே விட்டாள். "நண்டு. நேத்து இருந்திருக்கு. சோப்புப் போட்டுக் கழுவியிருக்காங்க. ஆனா நண்டுதான்."

டப்பா கைமாறியது. எல்லா மூக்கும் உறுதிப்படுத்தின.

"எங்க போச்சு? ஓடிப்போச்சா?" என்றான் டிக்கா.

"ஓடல. ஐந்தாம் நாளில்..."

"செத்துப்போச்சா?"

"ஒரு வகைல" என்றார் பு சுவாலா, புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பு ராங்கா கையைத் தூக்கி மோவாயைத் தடவினார். தடவிய விரல்களை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். எள்ளும் நண்டும் ஒரு குளியலில் போகாது. எழுந்து நின்றார். மறு முனையில் இருந்த மூன்று பேரும் தொப்பென்று இறங்கினார்கள்.

"துவையல்" என்றார். "நான்தான் சாப்பிட்டேன்."

வகுப்பு அவரை மரியாதையோடு பார்த்தது.

"ருசியா இருந்துச்சா?" என்றான் டிக்கா.

"டேய், ஜெபத்துக்கு அப்புறம்" என்றாள் டெட்டெயி.

"என்னது?" என்றார் பு ராங்கா.

"ஜெபம் முடியறவரைக்கும் ருசி பேசக் கூடாது. அதுதான் இங்க சட்டம். நீங்க உக்காருங்க."

பு ராங்கா உட்கார்ந்தார். மூன்று பேர் எழும்பினார்கள்.

இந்த இடத்தில் பு சுவாலா புத்தகத்துக்குத் திரும்பியிருக்கலாம். கண்காணிப்பாளர் பலவீனமான நிலையில் இருந்தார். இன்னும் இரண்டு பக்கம் வாசித்தால் வகுப்பு கையில் இருக்கும். ஆனால் டெட்டெயி கேட்டாள்: "அது எப்படிப்பட்ட நண்டு?" கேட்டால் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. புத்தகத்தை மூடிவிட்டார். மடக்கு மூடியைச் சொன்னார். உளுந்து அளவைச் சொன்னார். நகத்தைக் கடிக்கப் பார்த்த ஒன்றைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

"குட்டிங்களையுமா சாப்பிட்டாரு?" என்றாள் டெட்டெயி.

எல்லோரும் பு ராங்கா பக்கம் திரும்பினார்கள். மரியாதை போய்விட்டிருந்தது. பு ராங்காவின் கை தானாகக் கோட்டுக்குள் போய் வயிற்றின் மேல் நின்றது. "சின்னதுங்கன்னு சொன்னது... குட்டிங்களையா?" என்றார் மெதுவாக.

"அவருக்குத் தெரியாது" என்றார் பு சுவாலா. "எனக்குத் தெரியும். தெரிஞ்சே நானும் தொட்டுக்கிட்டேன். அவரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க."

பார்த்தார்கள். அவர் சங்கீதத்தில் ஓர் இடத்தை நினைவில் இருந்து சொன்னார். எல்லா உயிரும் தன் தன் வேளைக்கு ஆகாரம் கிடைக்கும் என்று கடவுளைப் பார்த்துக் காத்திருக்கிறது. அவர் கையைத் திறக்கிறார். நண்டுக்கு அவர் புழுவைக் கொடுக்கிறார். நமக்கு நண்டைக் கொடுக்கிறார்.

டெட்டெயி அதை யோசித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாதத்தை விடுகிற ஆள் இல்லை. "துவையலுக்குத்தான்னா அவ்ளோ சின்னக் கொடுக்கு எதுக்கு? அதைத் திறந்து மூடுற மாதிரி எதுக்குச் செய்யணும்? சும்மா உருட்டிப் போட்டிருக்கலாம்ல?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் வகுப்பில் யாரோ இருமினார்.

"தெரியல" என்றார் பு சுவாலா.

மண்சரிவில் வண்டி நிற்கும்போது, எப்போது வழி திறக்கும் என்று கேட்டால் சொல்கிற அதே குரல். பிள்ளைகளுக்குப் பழகிய பதில். ஆனால் ஒரு கண்காணிப்பாளர் முன்னால் ஓர் ஆசிரியர் சொல்லக் கூடாத பதில். அதை அவரும் அறிவார். புத்தகத்தை எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில், பி சோமி வந்தால் எடுத்துக்கொள்ள வசதியாக வைத்தார்.

டெட்டெயி திரும்பினாள். "பு ராங்கா, உங்களுக்கு?"

பு ராங்கா பல வருடம் பள்ளி நடத்தியவர். கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், உட்கார் என்று சொல்லப் பழகியவர்.

"எனக்கும் தெரியல" என்றார். பிறகு, அவமானத்தை மறந்தவராக, "அந்த மூடி எப்படி இருந்துச்சுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க பு சுவாலா. கீல் எந்தப் பக்கம்?"

பு சுவாலா உள்ளங்கையை வயிற்றில் வைத்து மடக்கிக் காட்டினார். போதவில்லை. சுற்றிலும் பார்த்தார். "உங்க கோட்டைக் கொஞ்சம்..." என்றார்.

"கோட்டையா?"

"பட்டனைக் கழட்டுங்க. ரெண்டு பக்கமும் விரிங்க. டிக்கா, உள்ள போ. நீயும் போ. முட்டியை மடக்கிக்கிட்டு. கொடுக்கை ஆட்டுங்க. பு ராங்கா, இப்ப மூடுங்க."

சுருக்கம் அறியாத கோட்டுக்குள் நான்கு பேர் போனார்கள். ஐந்தாவதாக டெட்டெயி போனாள். அவள்தான் சொன்னாள்: "நண்டு நேரா நடக்காது பு ராங்கா." பு ராங்கா பக்கவாட்டில் நடந்தார். உள்ளே இருந்தவர்கள் சிரித்ததில் கோட்டு குலுங்கியது. ஒரு பட்டன் தெறித்துத் திரைச்சீலைக்கு அடியில் உருண்டு போனது. சீலை விலகியது. பெரியவர்கள் வகுப்பு முழுக்க, பாட்டி தாத்தா எல்லோரும், ஒரே திசை பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சுகளில் இருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்தது. அன்றைய ஜெபம் டெட்டெயியின் முறை. "கர்த்தாவே, நண்டை நல்லா செஞ்சிருந்தீங்க. இன்னொண்ணு செய்ங்க. பி துவோமி கண்ணுல படாத இடமாப் பாத்துச் செய்ங்க. ஆமென்."

ஆமென் ஊர் எல்லை வரை கேட்டது. மறு நொடி எல்லோரும் பு ராங்காவைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இருந்துச்சு" என்றார் அவர். "ருசியாத்தான் இருந்துச்சு." பொய் சொல்லத் தெரியாதவர்.

வெளியே வேலி ஓரத்தில் பு சுவாலாவைப் பிடித்தார். கோட்டு இரண்டு பக்கமும் தொங்கியது.

"புத்தகம் நடக்கல."

"நடக்கல" என்றார் பு சுவாலா.

"கமிட்டில நான் அதைத்தான் சொல்லணும்."

"சொல்லுங்க."

பு ராங்கா போனார். திரும்பி வந்தார். "பல் முளைச்சதுலேர்ந்து நண்டு சாப்பிடறேன். ஒரு தடவகூடத் திருப்பிப் பாத்ததில்ல. அதையும் சொல்லணும்ல?"

இரண்டையும் சொன்னார். கமிட்டியில் மற்றவர்களும் திருப்பிப் பார்த்ததில்லை என்று தெரியவந்தது. மூடி இருப்பது பெண் நண்டுக்கு மட்டுமா என்று பேச்சு போய், இரண்டு மூப்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். முடிவில் வகுப்பு பு சுவாலாவிடமே இருக்கட்டும் என்று ஆனது. பரீட்சைக்கு முந்தின வாரங்களில் மட்டும் பி சோமி வந்து, எந்த நாளில் எது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்த வகுப்பைக் கடைசிவரை பு சுவாலாதான் நடத்தினார். இறந்தது இந்த வருடம், மழை தொடங்கும் முன். சாலையில் அல்ல, வீட்டில், தேநீர் குடித்த பிறகு. சாங்கி இப்போது சாலைகளுக்குச் சரிவுக் கணக்குப் போடும் பொறியாளர். வண்டியை விற்கும் முன் சுத்தம் செய்தாள். பின் இருக்கைக்கு அடியில் காய்ந்த பாசி இருந்தது. அதை மட்டும் எடுக்கவில்லை. வாங்கியவர் கேட்டதற்கு, வண்டியோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டாள்.

அந்த நண்டு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நடந்ததையும் சொல்ல வேண்டும். பு சுவாலா வகுப்புக்குப் போனபோது பு ராங்கா முன்பே வந்து, பிள்ளைகள் எதிரே ஆசிரியர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கோட்டில் புதுப் பட்டன். கையில் மடித்த கைக்குட்டை. முகம் சிவந்திருந்தது.

"எங்க முட்டைக்கோஸ்ல இருந்துச்சு" என்றார். "நேத்தே எடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை எடுக்கல. சும்மா... பிள்ளைங்க பாக்கட்டும்னு."

கைக்குட்டையை மேசையில் விரித்தார். நத்தை. ஓட்டுக்குள் முழுக்க இழுத்துக்கொண்டு, கல்லைப் போலக் கிடந்தது.

பு சுவாலா பெஞ்சில் டிக்காவைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"என்ன பு சுவாலா?"

"அதுக்குத் தலை எந்தப் பக்கம்?"

பு ராங்கா நத்தையைப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "இருங்க" என்றார். "வெளிய வரட்டும்."

டெட்டெயி எழுந்து போய் மேசையில் மோவாயை வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். கடைசியாக பு சுவாலாவும் போய், மேசையைச் சுற்றியிருந்த தலைகளுக்கு மேலாகக் குனிந்து நின்றார். நத்தைக்கு எந்த அவசரமும் இல்லை.